சர்வர்லெஸ், எட்ஜ், டிப்ளாய்: ஒரு தண்ணீர்ப்பந்தல் விளக்கம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள், தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் தே ஹாலியாவை ஊதிக்கொண்டே கேட்டாள்: “மாமா, சர்வர்லெஸ்னா சர்வரே கிடையாதா? அப்ப கோடு எங்க ஓடுது?”

கூட இருந்த நண்பர் 15 வருடமாக மென்பொருள் துறையில் இருப்பவர். “அது எட்ஜ்ல ஓடும்மா” என்றார். “எட்ஜ்னா?” “கிளவுட் மாதிரிதான். ஆனா ஃபாஸ்ட்.” அதோடு பேச்சு பரோட்டாவுக்குத் திரும்பிவிட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சொற்களைத் தினமும் புழங்குகிறவர்களே இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். குழப்பம் எங்கே என்றால், மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான பதிலை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சர்வரைப் பார்த்துக்கொள்வது யார்? நிரல், அதாவது அவள் சொன்ன ‘கோடு’, எந்த ஊரில் ஓடுகிறது? அது அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது? முதல் கேள்வியின் பதில்தான் சர்வர்லெஸ், இரண்டாவதன் பதில் எட்ஜ், மூன்றாவதன் பதில் கட்டளை வரியிலிருந்து செய்யும் டிப்ளாய். மூன்றையும் பிரித்து வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

டாக்சியில் போகிறவருக்கும் கார் வேண்டும்

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விவகாரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கார் விலை ஒரு பக்கம், 10 ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் இன்னொரு பக்கம். அப்புறம் சாலை வரி, காப்புறுதி, புளோக் அடியில் நிறுத்துவதற்கு மாதக் கட்டணம். கார் சும்மா நின்றாலும் காசு போய்க்கொண்டிருக்கும்.

மாத வாடகைக்கு எடுத்த சர்வரும் அப்படித்தான். சர்வர் என்பது, கேட்பவருக்குப் பதில் தருவதற்காக எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினி. விடிகாலை 3 மணிக்கு உங்கள் பக்கத்தை ஒருவரும் பார்க்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் பாதுகாப்புத் திருத்தங்களை நீங்கள்தான் போட வேண்டும். வட்டு நிரம்பினால் நீங்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும்.

டாக்சியில் இந்தத் தொல்லை கிடையாது. ஏறினால் மீட்டர், இறங்கினால் கணக்கு முடிந்தது. அதற்காக டாக்சியில் போனவர் ‘கார் இல்லாமல் போனேன்’ என்று சொன்னால் சிரிப்போம் அல்லவா? சர்வர்லெஸ் என்ற பெயரும் அந்த வகைதான். சர்வர் இருக்கிறது, அதைப் பராமரிக்கும் வேலையும் அது சும்மா நிற்கும் நேரத்துக்கான செலவும் உங்களிடம் இல்லை. நிரலை மட்டும் கொடுக்கிறீர்கள். யாராவது கேட்கும்போது அது ஓடுகிறது, பதில் தந்ததும் நின்றுவிடுகிறது.

இந்த முறையைப் பரவலாக்கியது அமேசான் 2014-ல் அறிவித்த லாம்டா. அதில் நிரல் எந்த வட்டாரத்தில் ஓட வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்: சிங்கப்பூரா, மும்பையா, அமெரிக்காவின் வர்ஜீனியாவா என்று. அதாவது அது சர்வர்லெஸ், ஆனால் ஒரே ஊரில் ஓடுகிறது. எட்ஜ் என்பது வேறு விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சர்வர்லெஸ் என்றால் சர்வர் கவலை உங்களுடையது இல்லை. வேகத்தைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

வழி நெடுகப் பந்தல்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் காவடி சுமந்து நடக்கிறார்கள். தாகம் எடுத்தவர்கள் எல்லாரும் டேங்க் ரோடு வந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். பாதி வழியிலேயே நாக்கு வறண்டுவிடும். கோயில் வாசலிலும் தள்ளுமுள்ளு. அதனால்தான் வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம்.

எட்ஜ் வலையமைப்பு என்பது அந்தப் பந்தல் வரிசைதான். ஒரு நிறுவனம் உலகின் பல நகரங்களில் தன் கணினிகளை வைத்திருக்கும். கேட்பவருக்கு அருகில் உள்ளது எதுவோ அது பதில் சொல்லும். 1998-ல் தொடங்கிய அகமாய் போன்ற நிறுவனங்கள் முதலில் படங்கள், பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை மட்டுமே இப்படி ஊர் ஊராக வைத்தன. பாட்டில் தண்ணீரை அடுக்கி வைத்து எடுத்துக் கொடுக்கிற பந்தல் மாதிரி.

அடுத்து வந்ததுதான் சுவாரசியமான கட்டம். பந்தலிலேயே மோர் கலக்க ஆரம்பித்தார்கள். “உப்பு கம்மியா” என்று ஒருவர் கேட்டால் அவருக்கு ஏற்றபடி அங்கேயே கலந்து கொடுப்பது. கணினி மொழியில், ஒவ்வொரு நகரத்திலும் உங்கள் நிரலையே ஓட விடுவது. கிளவுட்ஃபிளேர் தன் ‘வொர்க்கர்ஸ்’ சேவையை 2017-ல் அறிவித்து 2018-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஃபாஸ்ட்லி போல வேறு சிலவும் உண்டு. எனக்குப் பழக்கம் வொர்க்கர்ஸ் என்பதால் இனி அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அருகில் உள்ள பந்தலை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நீங்களும் இல்லை, உங்கள் நிரலும் இல்லை. எல்லா நகரங்களும் ஒரே இணைய முகவரியை ‘இது என் முகவரி’ என்று அறிவிக்கின்றன. இதற்கு எனிகாஸ்ட் என்று பெயர். இடையில் இருக்கும் வலையமைப்புகள் தங்களுக்கு எந்த வழி சிறந்ததாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் அனுப்பிவிடும். ஆகவே ‘அருகில்’ என்பதை வரைபடத்தில் அளக்கக் கூடாது. ஜூரோங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு நாட்டுப் பந்தல் மோர் ஊற்றுவதும் நடக்கும்.

50 கிலோமீட்டர் தீவில் இது எதற்கு?

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து வர்ஜீனியாவுக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல். போய் வர 30,000 என்று வைத்தால் 150 மில்லிவினாடி. கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியாலும் இதைக் குறைக்க முடியாது, ஏனென்றால் காலம் கரைவது வழியில். அதோடு, பக்கம் வருவதற்கு முன்னால் இரு பக்கமும் ‘வணக்கம்’ சொல்ல ஒரு முறை, மறையாக்கச் சாவியைப் பேசி முடிக்க ஒரு முறை, அப்புறம் உண்மையான கேள்விக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போய் வர வேண்டியிருக்கும். அரை வினாடிக்கு மேல் ஓடிவிடும்.

சரி, எட்ஜ் இதைத் தீர்க்கிறது. ஆனால் உங்கள் வாசகர்கள் எல்லாரும் இந்தத் தீவுக்குள்ளேயே இருந்தால்? கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான். அமேசான் 2010-லேயே இங்கு தன் தரவு மைய வட்டாரத்தைத் திறந்துவிட்டது. தரவு மையங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சாதாரண சர்வரே உங்களுக்குப் பந்தல்தான். உள்ளூர் ஆட்களுக்கு மட்டுமான தளத்தை எட்ஜுக்கு மாற்றிவிட்டு “பறக்குது” என்று சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தின் கதை வேறு. உறுப்பினர்கள் ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் இருக்கிறார்கள். இணையம் வழியாகச் சேர்ந்துகொள்பவர்கள் சென்னையிலும் மெல்பர்னிலும் டொராண்டோவிலும். மாதத்தில் 29 நாள் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அறிவிப்பு போட்ட இரவு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். சர்வர்லெஸ், எட்ஜ் இரண்டுமே பொருந்துவது இந்த மாதிரி இடத்தில்தான். அதனால் ‘அடுத்த கூட்டம் எப்போது, எங்கே’ என்று மட்டும் சொல்லும் ஒரு சின்ன நிரலை எழுதினேன். அதை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

உணவங்காடியில் ஒரு கடை

பல நூறு நகரங்களில், லட்சக்கணக்கானவர்களின் நிரல்களை எப்படி ஓட்டுகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கொடுத்தால் கட்டுப்படியாகாது.

சொந்தமாக ஒரு உணவகம் நடத்தினால் காலையில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேசை துடைத்து, அடுப்பைப் பற்ற வைக்க நேரம் ஆகும். உணவங்காடி நிலையத்தில் கடை போட்டவருக்குக் கூரை, மேசை, தட்டு கழுவும் இடம் எல்லாம் பொது. ஷட்டரைத் தூக்கி அடுப்பைப் பற்ற வைத்தால் போதும். பக்கத்துக் கடைக்கும் இவருக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. ஒருவர் மசாலா மற்றவர் சட்டிக்குள் விழாது.

முதல் வகைக்குக் கன்டெய்னர் என்று பெயர், இரண்டாவதற்கு ஐசொலேட். கூகுள் குரோம் உலாவிக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தின் பெயர் வி8. அந்த ஒரே இயந்திரம் ஆயிரக்கணக்கான நிரல்களைத் தனித்தனி அறைகளில் வைத்து ஓட்டும். அந்த அறைதான் ஐசொலேட். தூங்கும் நிரலை எழுப்ப ஆகும் தாமதத்தைக் கோல்ட் ஸ்டார்ட் என்பார்கள். ஐசொலேட்டில் அது சில மில்லிவினாடிகள்தான்.

கடை சின்னது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வொர்க்கர்ஸில் ஒரு ஐசொலேட்டுக்கு 128 மெகாபைட் நினைவகம். இலவசத் திட்டத்தில் நாளுக்கு 1 லட்சம் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவினாடி கணிப்பு நேரம். 10 என்றதும் என் அக்கா மகள் முகம் சுருங்கியது. ஆனால் இது நிரல் உண்மையில் கணக்குப் போடும் நேரம் மட்டும். வெளியே எதையாவது கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சேராது. டாக்சி மீட்டர் சிக்னலில் நின்றாலும் ஓடும், இது ஓடாது.

கறுப்புத் திரையில் ஒரு வரி

இப்போது மூன்றாவது கேள்வி: நிரல் பந்தல்களுக்கு எப்படிப் போகிறது?

பந்தல் தொண்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று வையுங்கள். “இனி மோரில் இஞ்சி சேர்க்கவும்” என்று ஒரு செய்தி போட்டால் எல்லாப் பந்தலுக்கும் போய்விடும். குடம் குடமாக மோரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. செய்முறை மட்டும் போகிறது. டிப்ளாய் என்பது அந்தச் செய்தியை அனுப்புவது.

அனுப்பும் கருவியின் பெயர் ராங்ளர். கால்நடைகளை ஓட்டி மேய்ப்பவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். வொர்க்கர்களை மேய்ப்பதற்கு ஒரு ராங்ளர், பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது. இதைக் கட்டளை வரியில், அதாவது சுட்டியால் பொத்தானை அழுத்தாமல் சொல்லைத் தட்டி வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரையில் இயக்க வேண்டும். கணினியில் நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) மட்டும் முன்பே இருக்க வேண்டும். (கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே உச்சரிப்பைத்தான் தருகிறேன்.)

முதலில் ‘ராங்ளர் லாகின்’. உலாவி திறக்கும், அனுமதி கேட்கும், சம்மதம் சொன்னால் உங்கள் கணினிக்கு ஒரு அடையாளச் சீட்டு கிடைக்கும். அடுத்தது ‘ராங்ளர் டெவ்’. இது எங்கேயும் அனுப்பாது. உங்கள் மடிக்கணினியிலேயே ஒரு மாதிரிப் பந்தலைப் போட்டுக் காட்டும். உலாவியில் 8787 என்ற துறை எண்ணில் (போர்ட்) போய்ப் பார்க்கலாம். திருப்தி என்றால் ‘ராங்ளர் டிப்ளாய்’.

அந்தக் கடைசிக் கட்டளைக்குள் நடப்பதை மந்திரம் போலப் பேசுகிறார்கள், ஆனால் அது சாதாரண வேலைதான். ராங்ளர் முதலில் உங்கள் கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. நிரலின் பெயர் என்ன, எந்தக் கோப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எந்தத் தேதியின் விதிமுறைப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு நீங்கள் எழுதிய கோப்புகளையும் கடன் வாங்கிய நிரல் நூலகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. அடையாளச் சீட்டைக் காட்டி அந்த மூட்டையை நிறுவனத்திடம் பதிவேற்றுகிறது. உங்கள் வேலை அங்கே முடிந்தது. ஊர் ஊராக விநியோகிப்பது அவர்கள் வேலை. சில வினாடிகளில் முடிந்துவிடும். திரையில் வொர்க்கர்ஸ் டாட் டெவ் என்று முடியும் ஒரு முகவரி வரும்.

டிப்ளாய் ஆனதும் எல்லா நகரத்திலும் உங்கள் நிரல் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். செய்முறைதான் அங்கே தயாராக இருக்கிறது. அந்தந்த ஊரில் யாராவது வந்து கேட்டால்தான் அடுப்பு பற்றும்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். கடவுச்சொல், ரகசியச் சாவி போன்றவற்றை நிரலுக்குள் எழுதாதீர்கள்; அதற்கென்றே ‘ராங்ளர் சீக்ரெட் புட்’ இருக்கிறது. தப்பான மூட்டை போய்விட்டால் பதற வேண்டாம், ‘ராங்ளர் ரோல்பேக்’ பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும்.

ஆக, டிப்ளாய் என்றால் செய்முறையை எல்லாப் பந்தலுக்கும் அனுப்புவது. எட்ஜ் என்றால் பந்தல்கள் பல ஊர்களில் இருப்பது. சர்வர்லெஸ் என்றால் பந்தலை நீங்கள் கட்டவில்லை என்பது.

பந்தலுக்குப் பந்தல் கணக்கு வேறு

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பக்கத்தின் அடியில் ‘இதுவரை பார்த்தவர்கள்’ என்று ஒரு எண்ணைக் காட்ட ஆசைப்பட்டேன். நிரலில் ஒரு மாறி (எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி), ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று கூட்டு. இரண்டு வரி. முதல் மாலை 14 என்று காட்டியது. பக்கத்தைப் புதுப்பித்தேன், 3. இன்னொரு முறை, 15. டொராண்டோவிலிருந்து ஒருவர், “நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது” என்று பெருமையோடு எழுதினார்.

காரணம் பந்தலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பந்தல்காரரும் தன்னிடம் குடித்தவர்களைத்தான் எண்ண முடியும். அதிலும் கூட்டம் இல்லாதபோது அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்து வருபவர் சுழியத்திலிருந்து ஆரம்பிப்பார். ஒரே நகரத்திலேயே இரண்டு மேசை இருந்தால் இரண்டு கணக்கு. நிரல் எல்லா ஊருக்கும் போகிறது, அதன் ஞாபகம் போவதில்லை.

ஞாபகம் வேண்டுமென்றால் தனியாக ஒரு சேமிப்பிடம் வேண்டும். ‘கேவி’ என்ற சேவையில் ஒன்றை எழுதினால் அது எல்லா நகரங்களிலும் படிக்கக் கிடைக்கும். ஆனால் மற்ற ஊர்களில் புதிய மதிப்பு தெரிய ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். கூட்டம் நடக்கும் அறை மாறிய செய்திக்கு அது போதும். எண்ணிக்கைக்குப் போதாது: இரண்டு பந்தல்காரர்கள் ஒரே நேரத்தில் 20 என்று படித்து, இருவருமே 21 என்று எழுதிவிடுவார்கள். துல்லியமான கணக்கு வேண்டுமானால் அது ஏதோ ஒரு ஊரில், ஒரே நோட்டில்தான் இருக்க முடியும்.

அங்கேதான் வேகக் கதை மறுபடி திரும்புகிறது. அந்த நோட்டு வர்ஜீனியாவில் இருந்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் உங்கள் நிரல் நான்கு முறை அதைக் கேட்டால், சிங்கப்பூர்ப் பந்தலிலிருந்து நான்கு முறை பசிபிக்கைத் தாண்ட வேண்டும். நிரலும் நோட்டும் ஒரே ஊரில் இருந்திருந்தால் வாசகர் ஒரு முறை போய் வந்தால் போதும். எட்ஜுக்கு மாறிய பிறகு தளம் மெதுவாகிவிட்டது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, தரவுத்தளம் எந்த ஊரில் என்பதுதான்.

எண்ணைத் தூக்கிவிட்டேன். யாரும் தேடவில்லை.

காலை 7 மணிக்கு நேற்று

இன்னொரு தவறும் என்னுடையதுதான். கூட்டம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. பக்கத்தில் ‘கூட்டம் இன்று’ அல்லது ‘கூட்டம் நாளை’ என்று வரும்படி எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஒரு மூத்த உறுப்பினர் தொலைபேசியில்: “தம்பி, கூட்டம் நாளைக்குன்னு போட்டிருக்கே? நான் இன்னிக்குன்னு கிளம்பிட்டு இருந்தேன்.”

பல ஊர்களில் ஓடும் நிரலுக்கு ‘இங்கே’ என்று ஒரு ஊர் கிடையாது. அதனால் அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டும். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே சனிக்கிழமை காலை 7 என்றால் நிரலுக்கு இன்னும் வெள்ளி இரவு 11. நான் சோதித்ததெல்லாம் சாயங்காலத்தில். காலை 8 முதல் நள்ளிரவு வரை இரண்டு தேதிகளும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படவே இல்லை. தேதியைக் கணக்கிடும் இடத்தில் சிங்கப்பூர் நேரம் என்று வெளிப்படையாகச் சொன்னதும் சரியாகிவிட்டது. இலவசத் திட்டத்தின் நாள் கணக்கும் இதே கடிகாரப்படிதான், நமக்குக் காலை 8 மணிக்குப் புதுநாள்.

எந்தப் பந்தல் என்று பார்க்க

அக்கா மகளுக்கு இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு சந்தேகம். “பக்கத்து ஊர்லதான் ஓடுதுன்னு எப்படி நம்புறது மாமா?”

அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும், பதில் சொல்லும் நகரத்தின் குறியீடும் நிரலுக்குக் கிடைக்கும். விமான நிலையங்களுக்கு வைக்கும் அதே மூன்றெழுத்து: சாங்கிக்கு எஸ்ஐஎன், சென்னைக்கு எம்ஏஏ. அவளே ஒரு வரி சேர்த்து, அந்தக் குறியீடு பக்கத்தின் அடியில் தெரியும்படி செய்து, ‘ராங்ளர் டிப்ளாய்’ அடித்தாள். அவள் கைபேசியில் எஸ்ஐஎன் வந்தது. உடனே தாம்பரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பக்கத்தின் முகவரியை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள்.

பத்து நிமிடம் கழித்துக் குரல் செய்தி வந்தது: “ஏண்டி, கூட்டம் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. கடைசில என்ன, மாடு கத்துற மாதிரி ‘மா’ன்னு இருக்கே?”